ஒரே பெருக்கல் குறி, நாலு விடை: பாலத்தில் சமன்பாடு செதுக்கிய ஹாமில்டனும் இன்றைய கோடிங்கும்

மொபைல் கேமில் ஒரு விமானம் பக்கவாட்டில் திரும்பியபடியே மூக்கைத் தூக்குகிறது. திரைக்குப் பின்னால் அதற்காக ஓடுவது பெரும்பாலும் ஒரே ஒரு வரி கோடுதான்: ஒரு சுழற்சி, நடுவில் ஒரு நட்சத்திரக் குறி, இன்னொரு சுழற்சி. கோடிங்கில் நட்சத்திரக் குறி என்றால் பெருக்கல். ஆனால் இங்கே பெருக்கப்படுவது 3, 5 மாதிரியான தனி எண்கள் இல்லை. இரண்டு பக்கமும் இருப்பது நான்கு நான்கு எண்கள் கொண்ட வரிசை.

வரிசையை வரிசையால் பெருக்கினால் என்ன வரும்? கம்ப்யூட்டரே இல்லாத காலத்தில் இந்தக் கேள்வியில் வருடக்கணக்காக மாட்டிக்கொண்டவர், அயர்லாந்தின் கணித மேதை வில்லியம் ரோவன் ஹாமில்டன். அவர் கண்டுபிடித்த விடைதான் அந்த ஒரு வரி. அந்த விடைக்காக, எல்லோரும் மாறாதது என்று நினைத்திருந்த ஒரு கணித விதியை அவர் கைவிட வேண்டியிருந்தது.

யார் இந்த ஹாமில்டன்? அவருக்கும் புரோகிராமிங்குக்கும் என்ன சம்பந்தம்?

முதலில், ஆபரேட்டர் ஓவர்லோடிங் என்றால் என்ன?

கூட்டல், கழித்தல், பெருக்கல் குறிகளை கோடிங்கில் ஆபரேட்டர் என்பார்கள். எண்களுக்கு நடுவில் இவை என்ன செய்யும் என்பது மொழிக்கே தெரியும். ஆனால் புரோகிராமர் தானே ஒரு புது வகைத் தரவை உருவாக்கினால்? ஒரு புள்ளி, ஒரு வண்ணம், ஒரு சுழற்சி என்று வைத்துக்கொள்வோம். இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் கூட்டல் குறி போட்டால் என்ன நடக்க வேண்டும் என்று மொழிக்குத் தெரியாது. அதை புரோகிராமரே எழுதிக் கொடுப்பதுதான் ஆபரேட்டர் ஓவர்லோடிங். பாடப்புத்தகங்களில் இது 'பணிமிகுப்பு' என்று வரும். பழைய குறிக்குப் புது வேலை. அவ்வளவுதான்.

கேட்க ரொம்ப சாதாரணமாக இருக்கிறது, இல்லையா? சிக்கல் எங்கே என்றால், பழைய குறியோடு பழைய எதிர்பார்ப்புகளும் கூடவே வந்துவிடும். 3 × 5 என்றாலும் 5 × 3 என்றாலும் ஒன்றுதான் என்று இரண்டாம் வகுப்பிலிருந்தே பழகியிருக்கிறோம். புது வகைக்கும் அது பொருந்துமா? பொருந்தவில்லை என்றால் அதே குறியைப் பயன்படுத்தலாமா? ஹாமில்டனின் வாழ்க்கையில் மையமான கேள்வி இதுதான்.

டப்ளின் பையன்

ஹாமில்டன் 1805 ஆகஸ்ட் 4-ம் தேதி டப்ளினில் பிறந்தார். அப்பா வழக்கறிஞர். சுமார் 3 வயதிலேயே, டிரிம் என்ற ஊரில் பள்ளி நடத்திவந்த பாதிரியாரும் அப்பாவின் சகோதரருமான ஜேம்ஸிடம் வளர அனுப்பிவிட்டார்கள். அங்கே பையன் மொழிகளாகப் படித்துத் தள்ளினான். லத்தீன், கிரேக்கம், ஹீப்ரு, பிறகு பாரசீகம், அரபு, சமஸ்கிருதம் வரை போனது பட்டியல்.

மொழியிலிருந்து கணக்குப் பக்கம் திரும்பியதற்கு ஒரு தோல்வியும் காரணம் என்பார்கள். ஜெரா கோல்பர்ன் என்ற அமெரிக்கச் சிறுவன் மனக்கணக்கில் வித்தை காட்டிக்கொண்டு டப்ளினுக்கு வந்தான். அவனோடு போட்டிபோட்ட ஹாமில்டன் தோற்றுப்போனான்.

சிறுவயதிலேயே அம்மா இறந்தார். 14 வயதில் அப்பாவும் போய்விட்டார். படிப்பு மட்டும் நிற்கவில்லை. பதின்பருவத்திலேயே, பிரான்ஸின் பெரும் கணித மேதை லாப்லாஸ் எழுதிய நூலில் ஒரு பிழையைக் கண்டுபிடித்தார். 1823-ல் டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் சேர்ந்தார். 1827-ல் பட்டம் வாங்குவதற்கு முன்பே, 21 வயதில், அதே கல்லூரியின் வானியல் பேராசிரியர் ஆக்கினார்கள். அதோடு அயர்லாந்தின் அரச வானியலாளர் பதவியும், டன்சிங்க் வானாய்வகத்தில் வீடும் கிடைத்தன. சாகும்வரை அங்கேதான் வாழ்ந்தார்.

சொந்த வாழ்க்கை அவ்வளவு சீராக இல்லை. இளவயதில் காதலித்த கேத்தரின் டிஸ்னியை 1825-ல் குடும்பத்தினர் வேறொருவருக்குத் திருமணம் செய்துவைத்தார்கள். அந்தக் காயம் கடைசிவரை ஆறவில்லை. 1833-ல் ஹெலன் பெய்லியை மணந்தார். மூன்று குழந்தைகள்.

இரண்டு எண் போதும், மூன்று ஏன் வேலைசெய்யவில்லை?

கலப்பெண் என்று பிளஸ் டூவில் படித்திருப்போம். மைனஸ் 1-ன் வர்க்கமூலத்தை 'ஐ' என்று வைத்துக்கொள்வது அதன் அடிப்படை. இல்லாத ஓர் எண்ணை இருப்பதாக வைத்துக்கொள்வது அந்தக் காலத்தில் பலருக்கு உறுத்தலாக இருந்தது.

1830-களில் ஹாமில்டன் அதற்கு ஒரு சுத்தமான வழி சொன்னார். கற்பனை எண்ணெல்லாம் வேண்டாம். கலப்பெண் என்பது வெறும் இரண்டு எண்கள் கொண்ட ஜோடி. அந்த ஜோடிக்குக் கூட்டல், பெருக்கல் என்றால் என்ன என்று விதி எழுதிவிட்டால் முடிந்தது. உதாரணமாக (1, 2)-ஐயும் (3, 4)-ஐயும் கூட்டினால் (4, 6). பெருக்கினால் (3 − 8, 4 + 6), அதாவது (−5, 10).

இன்று ஒரு புரோகிராமர் செய்வதும் கிட்டத்தட்ட இதேதான். இரண்டு எண்களை வைத்திருக்கும் ஒரு கிளாஸ். கூட்டல் குறிக்கு ஒரு விதி, பெருக்கல் குறிக்கு ஒரு விதி. சி பிளஸ் பிளஸ் மொழியோடு வரும் கலப்பெண் வகை உள்ளே ஜோடி எண்தான்.

ஜோடி எண்களால் ஒரு தட்டையான தாளில் உள்ள எந்தப் புள்ளியையும் குறிக்கலாம், சுழற்றலாம். அப்படியென்றால் நாம் வாழும் முப்பரிமாண வெளிக்கு மூன்று எண்கள் கொண்ட வரிசை போதுமே என்று ஹாமில்டன் நினைத்தார். கூட்டல் சுலபமாக வந்துவிட்டது. பெருக்கல் மட்டும் வரவே இல்லை.

1843 அக்டோபர் தொடக்கத்தில், காலை உணவுக்கு வரும்போதெல்லாம் 9 வயதும் 8 வயதுமான மகன்கள் இரண்டு பேரும், மூன்று எண்களைப் பெருக்க முடிந்ததா என்று அப்பாவைக் கேட்பார்களாம். கூட்டவும் கழிக்கவும்தான் முடிகிறது என்று அவர் சோகமாகத் தலையாட்டுவாராம். பல வருடங்கள் கழித்து மகன் ஆர்ச்சிபால்டுக்கு எழுதிய கடிதத்தில் ஹாமில்டனே இதை நினைவுகூர்ந்திருக்கிறார்.

ஏன் முடியவில்லை? அவர் ஒரு நிபந்தனை வைத்திருந்தார்: இரண்டு வரிசைகளைப் பெருக்கினால் அவற்றின் நீளங்களும் பெருக வேண்டும். நீளத்தின் வர்க்கம் என்பது உள்ளே இருக்கும் எண்களின் வர்க்கங்களைக் கூட்டினால் வருவது. (1, 1, 1)-க்கு அது 3. (1, 2, 4)-க்கு 1 + 4 + 16 = 21. இரண்டையும் பெருக்கினால் 63. அப்படியென்றால் விடையாக வரும் மூன்று முழு எண்களின் வர்க்கங்களைக் கூட்டினால் 63 வர வேண்டும். முயன்று பாருங்கள், வராது. எந்த மூன்று முழு எண்களை எடுத்தாலும் வராது.

ஆனால் நான்கு எண்கள் என்றால் வரும்: 49 + 9 + 4 + 1 = 63.

பாலத்தில் என்ன நடந்தது?

1843 அக்டோபர் 16, திங்கட்கிழமை. ராயல் ஐரிஷ் அகாடமியின் கூட்டத்துக்குத் தலைமை தாங்க, ராயல் கால்வாய்க் கரையோரமாக மனைவியோடு நடந்துபோய்க்கொண்டிருந்தார் ஹாமில்டன். மனைவி அவ்வப்போது பேசிக்கொண்டு வந்தார். இவர் மனசு உள்ளே வேறெங்கோ ஓடிக்கொண்டிருந்தது. புரூம் பாலத்தை நெருங்கும்போது சட்டென்று பிடிபட்டது: மூன்று எண் இல்லை, நான்கு எண் வேண்டும். ஒரு சாதாரண எண்ணும், ஐ, ஜே, கே என்ற மூன்று திசைகளுக்கான எண்களும்.

பாக்கெட்டிலிருந்த நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொண்டார். அது போதவில்லை. கத்தியை எடுத்து பாலத்தின் கல்லிலேயே சமன்பாட்டைச் செதுக்கினார். ஐ, ஜே, கே மூன்றையும் தனித்தனியாக வர்க்கப்படுத்தினாலும் −1. மூன்றையும் வரிசையாகப் பெருக்கினாலும் −1. இந்த நான்கு எண் வரிசைக்கு அவர் வைத்த பெயர் குவாட்டர்னியன்.

இந்த ஒரு வரியிலிருந்து எல்லா விதியும் வந்துவிடும். ஆனால் ஒரு விலை இருந்தது. ஐ × ஜே = கே என்றால், ஜே × ஐ = −கே. அதாவது இடம் மாற்றிப் பெருக்கினால் விடை மாறும். பள்ளியில் பரிமாற்றுப் பண்பு என்று படிக்கும் விதி இங்கே கிடையாது.

ஹாமில்டன் தவறுதலாக இதில் வந்து விழவில்லை. எந்த விதியை வைத்துக்கொள்வது, எந்த விதியை விடுவது என்று யோசித்துத்தான் விட்டார். நீளம் பெருக வேண்டும் என்ற விதியை வைத்துக்கொண்டார். கூட்டலுக்கு மேல் பெருக்கல் பங்கிடப்பட வேண்டும் என்பதையும் வைத்துக்கொண்டார். பரிமாற்றுப் பண்பை மட்டும் விட்டார். ஒரு குறி 'பெருக்கல்' என்ற பெயருக்குத் தகுதி பெற எத்தனை விதிகளைக் காப்பாற்ற வேண்டும் என்பதை இப்படி வெளிப்படையாகப் பேரம் பேசியது அன்றைய கணிதத்தில் பெரிய துணிச்சல்.

இடம் மாறினால் விடை மாறுவது சரிதானா?

கையில் இருக்கும் போனை வைத்தே சோதித்துப் பார்க்கலாம். திரை மேலே பார்க்கும்படி, போனின் தலைப்பகுதி உங்களுக்கு எதிர்ப்பக்கம் இருக்கும்படி மேஜையில் வையுங்கள்.

முதல் முறை: எதிர்ப்பக்க விளிம்பைத் தூக்கி, திரை உங்களைப் பார்க்கும்படி நிமிர்த்துங்கள். பிறகு, மேலிருந்து பார்த்தால் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில், கால் சுற்று திருப்புங்கள். போன் நெட்டுக்குத்தாக நிற்கும். திரை உங்கள் வலப்பக்கம் பார்க்கும்.

இரண்டாம் முறை: பழையபடி படுக்க வைத்து, முதலில் அதே கால் சுற்று திருப்புங்கள். அப்புறம் எதிர்ப்பக்க விளிம்பைத் தூக்கி நிமிர்த்துங்கள். இப்போது போன் படுக்கைவாட்டில் நிற்கும். திரை உங்களைப் பார்க்கும்.

அதே இரண்டு சுழற்சிகள்தான். வரிசை மாறியதும் முடிவு மாறிவிட்டது. முப்பரிமாணச் சுழற்சியின் இயல்பே இது. ஹாமில்டனின் பெருக்கல் இடம் மாறினால் மாறுவது குறை இல்லை; மாறாமல் இருந்திருந்தால்தான் சுழற்சிக்குப் பயன்பட்டிருக்காது.

இங்கே ஒன்றையும் சொல்ல வேண்டும். சுழற்சிகளை நான்கு எண்களால் இணைக்கும் சூத்திரத்தை 1840-லேயே பிரான்ஸின் ஒலாந்த் ரோட்ரிக் வெளியிட்டிருந்தார். அதை ஒரு புது வகை எண்ணாக, தனக்கென்று கூட்டலும் பெருக்கலும் உள்ளதாகப் பார்த்தவர் ஹாமில்டன்.

கடைசி 22 ஆண்டுகள்

பாலத்துக்கு முன்பே ஹாமில்டன் பெரிய ஆள்தான். சில படிகங்களில் நுழையும் ஒளி கூம்பு வடிவில் விரியும் என்று 1832-ல் கணக்குப் போட்டே சொன்னார். சோதனையில் அது உறுதியானது. இயக்கவியலில் அவர் கொடுத்த சமன்பாடுகள் இன்றும் குவாண்டம் இயற்பியலின் அடித்தளம். 1835-ல் சர் பட்டம் கிடைத்தது.

பாலத்துக்குப் பிறகு, மீதி வாழ்நாளின் பெரும்பகுதியைக் குவாட்டர்னியனுக்கே கொடுத்தார். இயற்பியல் முழுவதையும் இதில் எழுதிவிட முடியும் என்று நம்பினார். 1853-ல் வெளிவந்த அவருடைய விரிவுரை நூல் 700 பக்கங்களுக்கு மேல். படிப்பதற்குக் கடினம் என்று நண்பர்களே முறையிட்டார்கள். அந்த ஆண்டுதான் கேத்தரினும் இறந்தார். மரணப்படுக்கையில் இருந்தவரைப் போய்ப் பார்த்து ஹாமில்டன் கொடுத்தது அந்த நூலைத்தான்.

அடுத்த நூலை முடிக்கும் முன்பே, 1865 செப்டம்பர் 2-ம் தேதி ஹாமில்டன் இறந்தார். மகன் வில்லியம் எட்வின் அதை 1866-ல் வெளியிட்டார். அவர் இறப்பதற்கு முன்பே, அமெரிக்காவின் தேசிய அறிவியல் அகாடமி தன் முதல் வெளிநாட்டு உறுப்பினராக அவரைத் தேர்ந்தெடுத்திருந்தது.

ஒரே குறிக்கு நாலு விடை

ஹாமில்டன் இறந்த பிறகு பெரிய சண்டை வந்தது. (1, 2, 3), (4, 5, 6) என்ற இரண்டு வரிசைகளை இரண்டு அம்புக்குறிகளாக நினைத்துக்கொள்ளுங்கள். ஹாமில்டன் முறையில் பெருக்கினால் (−32, −3, 6, −3) என்ற நான்கு எண்கள் வரும். இதில் இரண்டு தனித் தகவல்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. 32 என்பது அம்புகள் எவ்வளவு ஒரே திசையில் போகின்றன என்பதைச் சொல்வது. (−3, 6, −3) என்பது இரண்டுக்கும் செங்குத்தான மூன்றாவது அம்பு.

அமெரிக்காவில் கிப்ஸும் இங்கிலாந்தில் ஹெவிசைடும், இதை எதற்கு ஒட்ட வேண்டும் என்று கேட்டார்கள். 32-ஐ புள்ளிப் பெருக்கல் என்றும், மூன்றாவது அம்பைக் குறுக்குப் பெருக்கல் என்றும் பிரித்துவிட்டார்கள். 1890-களில் இரு தரப்பும் அறிவியல் இதழ்களில் கடுமையாக மோதிக்கொண்டன. வென்றது வெக்டர் தரப்பு. நம் இயற்பியல் பாடப்புத்தகங்களில் இருப்பது அதுதான். வெக்டர், ஸ்கேலார் என்ற சொற்களை இந்தப் பொருளில் கொண்டுவந்தவரே ஹாமில்டன் என்பதுதான் இதில் வேடிக்கை.

இதே சண்டை பிறகு கோடிங்குக்கும் வந்தது. பைத்தானில் அந்த இரண்டு வரிசைகளையும் சாதாரண லிஸ்டாக வைத்துக் கூட்டல் குறி போட்டால், ஒன்றின் வாலில் இன்னொன்றை ஒட்டி ஆறு எண்கள் கொண்ட லிஸ்ட் வரும். பெருக்கல் குறி போட்டால் எரர். அதையே 'நம்பை' என்ற நூலகத்தின் வரிசையாக மாற்றினால், கூட்டல் (5, 7, 9) தரும். பெருக்கல் (4, 10, 18) தரும், அதாவது அந்தந்த இடத்து எண்களின் பெருக்கம். குறி ஒன்றுதான், இரண்டு பக்கமும் என்ன வகை இருக்கிறது என்பதுதான் விடையைத் தீர்மானிக்கிறது.

மேட்லேபில் நட்சத்திரக் குறி மேட்ரிக்ஸ் பெருக்கலுக்கு. இடத்துக்கு இடம் பெருக்க முன்னால் ஒரு புள்ளி சேர்க்க வேண்டும். பைத்தானில் ஒரே நட்சத்திரத்துக்கு இரண்டு அர்த்தம் புழங்கிக் குழப்பம் ஏற்பட்டது. கடைசியில் 2015-ல் வந்த பைத்தான் 3.5-ல் மேட்ரிக்ஸ் பெருக்கலுக்கென்றே, மின்னஞ்சல் முகவரியில் வரும் 'அட்' குறியைத் தனி ஆபரேட்டராகக் கொடுத்தார்கள். கிப்ஸ் செய்த அதே வேலைதான்: ஒரு குறியில் இரண்டு அர்த்தம் ஒட்டியிருந்தால், இரண்டு குறியாகப் பிரித்துவிடு.

சில மொழிகள் ஏன் மறுத்தன?

சி பிளஸ் பிளஸ் தன் ஆரம்பகாலத்திலிருந்தே ஆபரேட்டர் ஓவர்லோடிங்கைக் கொடுத்தது. ஜாவா வேண்டுமென்றே மறுத்தது. அங்கே சரங்களை ஒட்டும் கூட்டல் குறி மட்டும் விதிவிலக்கு. சி பிளஸ் பிளஸ்ஸில் பலர் இந்த வசதியைக் கண்டபடி பயன்படுத்தியதைப் பார்த்துத்தான் ஜாவாவை உருவாக்கியவர்கள் இந்த முடிவுக்கு வந்தார்கள்.

ஜாவா தரப்பு சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. கூட்டல் குறியின் பெயரில் ஒருவர் ஃபைலை அழிக்கும் கோடைக்கூட எழுதலாம், கம்பைலர் தடுக்காது. இரண்டு பக்கமும் சரியான வகை இருக்கிறதா என்று மட்டும்தான் அது பார்க்கும். அந்தக் குறி எந்த விதிகளைக் காப்பாற்றுகிறது என்று பார்க்காது. அந்தப் பொறுப்பு முழுக்க எழுதுபவருடையது.

மறுபக்கம், நீளமான கணக்கை ஒவ்வொரு முறையும் 'மல்டிப்ளை' என்று ஃபங்ஷன் அழைத்து எழுதினால், நாலு அடைப்புக்குறிக்குள் கணக்கே காணாமல் போய்விடும். குறியாக எழுதினால் ஒரே பார்வையில் புரியும்.

மீண்டு வந்த குவாட்டர்னியன்

வெக்டரிடம் தோற்ற குவாட்டர்னியனை 1985-ல் கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் மீட்டுக்கொண்டு வந்தது. அனிமேஷனில் ஒரு சுழற்சியிலிருந்து இன்னொரு சுழற்சிக்கு வழுக்கிக்கொண்டு போக இது எவ்வளவு வசதி என்று கென் ஷூமேக் அந்த ஆண்டு ஒரு கட்டுரையில் காட்டினார். மூன்று கோணங்களாகச் சுழற்சியை வைத்தால் சில நிலைகளில் இரண்டு அச்சுகள் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து, ஒரு திசை அசைவே பறிபோகும். நான்கு எண்ணில் அந்தத் தொல்லை இல்லை. இன்று கேம் எஞ்சின்கள், டிரோன்கள், விண்கலங்களின் திசைக் கணக்குகள் எல்லாவற்றிலும் இது இருக்கிறது.

யூனிட்டி கேம் எஞ்சினில் இரண்டு குவாட்டர்னியன்களுக்கு நடுவில் நட்சத்திரக் குறி போடலாம். குவாட்டர்னியனுக்கும் வெக்டருக்கும் நடுவில் போட்டால் வெக்டர் சுழலும். ஆனால் இரண்டு முப்பரிமாண வெக்டர்களுக்கு நடுவில் போட முடியாது. எந்தப் பெருக்கல் வேண்டும் என்று நீங்களே பெயர் சொல்லித்தான் கேட்க வேண்டும். எங்கே அர்த்தம் ஒன்றுதானோ அங்கே குறி. எங்கே இரண்டுக்கு இடம் இருக்கிறதோ அங்கே பெயர்.

குவாட்டர்னியன்களை இடம் மாற்றிப் பெருக்கிவிட்டால் எரர் வராது, புரோகிராம் நிற்காது. விமானம் மட்டும் தப்பான பக்கம் திரும்பும். அதனால் ஒரு புது வகைக்குப் பெருக்கல் குறி கொடுக்கும்போது, எந்த விதி அதில் செல்லுபடியாகும், எது ஆகாது என்பதை அதைப் பயன்படுத்தப்போகிறவர்களுக்குச் சொல்லிவிடுவது முக்கியம்.

ஹாமில்டன் அதைச் சொல்லிவிட்டுத்தான் செய்தார். குவாட்டர்னியனில் எல்லா இயற்பியலையும் எழுதலாம் என்ற அவரது பெரிய கனவு பலிக்கவில்லை. பாலத்தில் அவர் செதுக்கியதும் காலத்தில் அழிந்துவிட்டது. அதே சமன்பாட்டைத் தாங்கிய கல்வெட்டுப் பலகை 1958-லிருந்து அங்கே இருக்கிறது. ஆண்டுதோறும் அக்டோபர் 16-ம் தேதி கணித ஆர்வலர்கள் டன்சிங்க்கிலிருந்து அந்தப் பாலம் வரை நடந்துபோகிறார்கள்.